அம்பாளும் ஆண்டாளும் மூக்குப்பொடியும்

அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு. தமிழ்நாட்டில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஒருத்தி சிவனோடு இருப்பவள். இன்னொருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்து அரங்கனைக் கைப்பிடித்தவள். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி கேட்டு எழுந்த எவரும் இந்த இருவரையும் போட்டுக் குழப்பிக்கொள்ள மாட்டார்.

ஆனால் 1969 ஏப்ரல் 16 அன்று, இந்த இரண்டு பெயர்களும் ஆளைக் குழப்பும் அளவுக்கு ஒன்றுபோல இருக்கின்றன என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இத்தனைக்கும் வழக்கு மூக்குப்பொடியைப் பற்றியது.

இப்போது இருபது, முப்பது வயதில் இருப்பவர்களுக்கு மூக்குப்பொடி என்பது தாத்தாவின் வேட்டி மடிப்பில் இருந்த ஒரு வாசனை, அவ்வளவுதான். அன்றைக்கு அது பெரிய வியாபாரம். பொடி போடும் பழக்கத்துக்குப் பேர்போன அறிஞர் அண்ணா மறைந்து இரண்டரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெட்டிக்கடைக்குப் போய் "பொடி குடு" என்று யாரும் கேட்க மாட்டார்கள். மார்க் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். மூக்குக்குப் பழகிய காரம் மாறினால் அன்றைய நாளே கெட்டுப்போகும்.

சென்னையில் ஸ்ரீ அம்பாள் அண்ட் கோ என்ற நிறுவனம் மூக்குப்பொடி விற்றுவந்தது. அவர்களிடம் பதிவுபெற்ற வணிகச் சின்னங்கள் இருந்தன. ஒன்று, அம்பாள் படம் போட்ட லேபிள். இன்னொன்று, 'ஸ்ரீ அம்பாள்' என்ற வெறும் சொல். 1958 மார்ச்சில் சின்னகிருஷ்ண செட்டியார் என்ற இன்னொரு பொடி வியாபாரி தன் லேபிளைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். நடுவில் ஆண்டாள் படம். இரண்டு பக்கமும் தேவநாகரி, தெலுங்கு, கன்னடம், தமிழ் எழுத்துகளில் 'ஸ்ரீ ஆண்டாள் மெட்ராஸ் ஸ்னஃப்'. அம்பாள் கம்பெனி எதிர்த்தது.

பதிவாளர் செட்டியார் பக்கம் நின்றார். ஒலியும் வேறு, மனதில் எழும் பொருளும் வேறு என்றார். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை மாற்றினார். இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம். நீதிபதி பச்சாவத் எழுதிய தீர்ப்பின் மையம் சின்னதுதான். தென்னிந்திய இந்துக்களுக்கு இரண்டு பெயருக்கும் வித்தியாசம் தெரியும், சரி. ஆனால் பதிவு செல்லுபடியாவது இந்தியா முழுக்க. பொடி வாங்கும் கிறிஸ்தவருக்கும், முஸ்லிமுக்கும், பார்சிக்கும், வடக்கே இருக்கும் இந்துவுக்கும் அந்த நுட்பம் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்கு இவை பொருளற்ற இரண்டு ஓசைகள். அந்த ஓசைகள் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே ஆண்டாளுக்குப் பதிவு கிடையாது.

விண்ணப்பம் போட்டதிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை 11 ஆண்டுகள். ஒரு பெயருக்காக.

*

இந்தத் தீர்ப்பை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. அர்த்தம் தெரிந்தவனை விட்டுவிட்டு, தெரியாதவனின் காதை வைத்தா அளப்பது? பிறகு வேலைப் பழக்கத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு சவுண்டெக்ஸ் என்ற முறை தெரிந்திருக்கும். எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலப் பெயர்களைக் கண்டுபிடிக்க, கணினி வருவதற்கு முன்பே, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்யெழுத்துகளுக்கு எண் போட வேண்டும். எம், என் இரண்டுக்கும் 5. பி என்றால் 1. டி என்றால் 3. எல் என்றால் 4. ஆங்கில எழுத்தில் அம்பாளுக்கு வருவது ஏ514. ஆண்டாளுக்கு வருவது ஏ534. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் கணினிக்கு ஒரு இலக்கம் மாறினாலும் வேறு வேறுதான். அது பதிவாளர் கட்சி. மனிதக் காது நீதிபதி கட்சி.

தமிழ் இலக்கணப்படி பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. ம்ப, ண்ட. இரண்டுமே மெல்லினமும் அதன் இன வல்லினமும் சேர்ந்த கூட்டு. முடிவு இரண்டிலும் 'ஆள்'. முதலில் ஒரு குறில், ஒரு நெடில். கடைக்காரர் ஒரு கையில் சில்லறை எண்ணிக்கொண்டு, பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது, காதில் விழுவது என்ன? 'ஸ்ரீ' என்று ஆரம்பித்து 'ஆள்' என்று முடியும் ஏதோ ஒன்று. சட்டம் கேட்கும் கேள்வி இதுதான். இரண்டு லேபிளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பொடி வாங்குவதில்லை. முன்பு வாங்கியதன் அரைகுறை ஞாபகத்தை வைத்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள். வணிகச் சின்னம் என்று நாம் சொல்வது கடைசியில் வாடிக்கையாளரின் அரைகுறை ஞாபகத்தைத்தான்.

*

இந்த ஞாபகத்தை நம்பி வியாபாரம் செய்வது புதிய விஷயம் இல்லை. 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது இத்தாலியிலிருந்து வந்த சிவப்புப் பளபளப்பு மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் செய்த பட்டறையின் முத்திரை இருந்தது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி வந்த ஒரு லேபிள் என்று அதைச் சொல்லலாம். கீழடிப் பானை ஓடுகளிலும் ஆதன் போன்ற பெயர்கள் உண்டு. ஆனால் அவற்றைப் பானைக்குச் சொந்தக்காரரின் பெயர்கள் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். 'இது என்னுடையது' என்பதற்கும் 'இது நான் செய்தது' என்பதற்கும் நடுவில்தான் வணிகச் சின்னத்தின் மொத்தக் கதையும் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக் கட்டுகளில் வண்ணப் படங்களை ஒட்டி அனுப்பின. யானை, மயில், ராஜா, கடவுள்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாங்குபவர்கூட 'அந்தக் கிருஷ்ணர் படம் போட்ட துணி' என்று கேட்டு வாங்கலாம். பட்டாசுக்கு அணில், சேவல் என்று நாம் இன்றைக்கும் சொல்வது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் 1875இல் வந்தது. 1876 ஜனவரி 1 அன்று பாஸ் என்ற பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம் முதல் எண்ணைப் பெற்றது. ஓவியர் மனே 1882இல் வரைந்த ஒரு புகழ்பெற்ற மதுக்கூட ஓவியத்தில் அந்தச் சிவப்பு முக்கோணப் புட்டிகளை இன்றும் பார்க்கலாம். இந்தியாவில் 1889இல் வந்த சட்டம் போலி முத்திரை குத்துவதைத் தண்டித்ததே தவிர, பதிவேடு எதையும் தொடங்கவில்லை. அதனால் வியாபாரிகள் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போய் 'இந்த மார்க் எங்களுடையது' என்று ஓர் உறுதிமொழியைப் பதிவு செய்துவைப்பார்கள். செய்தித்தாளில் எச்சரிக்கை விளம்பரம் கொடுப்பார்கள். பழைய பத்திரிகைகளில் 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று வரும் வரிக்கு இப்படி ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. முறையான பதிவுச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டு 1942இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் 1958இல் ஒரு சட்டம், 1999இல் ஒரு சட்டம். இப்போது நடப்பில் இருக்கும் 1999ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தது 2003 செப்டம்பர் 15.

*

அம்பாள் வழக்கில் பெயர் வைத்தவர் முதலாளி. ஆனால் நம் ஊரில் நிறையக் கடைகளுக்கு முதலாளி வைத்த பெயர் ஒன்று, ஊர் வைத்த பெயர் ஒன்று. 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஆரம்பித்தது ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் ஜனங்களுக்கு அது தலப்பாக்கட்டி. பிற்பாடு அந்த ஊர்ப்பெயரைக் காப்பாற்றத்தான் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இதைவிட அழகான கதை திருநெல்வேலியில். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் மட்டும் திறக்கும் ஒரு சின்ன அல்வாக் கடை. மங்கலான விளக்கு. அதனால் இருட்டுக்கடை. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் கிடையாது. விளம்பர ஏஜென்சியிடம் போயிருந்தால் 'இருட்டு' என்ற சொல்லைச் சாப்பாட்டுப் பொருளுக்குப் பக்கத்திலேயே விட்டிருக்க மாட்டார்கள்.

பெயர் புகழ்பெற்றதும் அதே பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்து இன்னொருவர் வியாபாரம் செய்தார். அவரிடமும் பதிவுச் சான்று இருந்தது. சிக்கல் என்னவென்றால், பதிவுபெற்ற ஒருவர் பதிவுபெற்ற இன்னொருவர் மேல் உரிமை மீறல் வழக்குப் போட முடியாது. இரண்டு பேர் கையிலும் அரசு கொடுத்த காகிதம் இருக்கிறது, யாரைப் போகச் சொல்வது? சையத் மொகிதீன் எதிர் சுலோச்சனா பாய் என்ற அந்த வழக்கில் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பழைய கடையின் பக்கம் தீர்ப்பளித்தது. காரணம் முக்கியமானது. பதிவு உரிமையை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருக்கும் உரிமையை அது அங்கீகரிக்கிறது. முதலில் பயன்படுத்தி நற்பெயர் சம்பாதித்தவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு செய்தவரின் உரிமையைவிடப் பெரியது. அடுத்தவர் பெயரில் தன் சரக்கை விற்பதைத் தடுக்கும் பழைய பொதுச்சட்ட உரிமை, பதிவே இல்லாவிட்டாலும் செல்லும்.

இதைப் படித்தவுடன் ஒருவருக்குத் தோன்றுவது இயல்பு: அப்போ பதிவே வேண்டாமே? இங்கேதான் நாம் பருத்திப்பட்டுக்கு வர வேண்டும்.

*

எங்கள் பக்கம் பெரிய பெயர்களுக்குப் பழக்கப்பட்ட பூமி. அம்பத்தூரில் இன்றைக்கும் டன்லப் என்று பேருந்து நிறுத்தத்தைச் சொல்பவர்கள் உண்டு. அயர்லாந்தில் டயர் செய்த ஒரு மனிதரின் பெயர், இங்கே இறங்குமிடத்தின் பெயராகிவிட்டது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வெளிவந்த சைக்கிளில் ஹெர்குலிஸ் என்று எழுதியிருந்தது. கிரேக்க வீரனின் பெயர், பர்மிங்காம் கம்பெனி வழியாக, அம்பத்தூர் இரும்பில். சைக்கிள் இங்கே செய்தது, பெயர் வெளியிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் பெயரின் மதிப்பு என்ன என்று புரிந்துகொள்ள இது போதும்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019இல் பசுமைப் பூங்கா திறந்த பிறகு சாயங்காலக் கூட்டம் வர ஆரம்பித்தது. ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாலு தெருவுக்கு ஒருவர் ஏதாவது செய்து விற்கிறார்: இட்லி மாவு, முறுக்கு, ஆரி வேலை செய்த ரவிக்கை. எங்கள் தெருவில் ஓர் அக்கா பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கறிவேப்பிலைப்பொடி அரைத்து விற்கிறார். ஆறு வருடமாக வாட்ஸ்அப்பில் ஆர்டர். இப்போது இரண்டு கடைகள் பாக்கெட்டாகக் கேட்கின்றன. பாக்கெட் என்றால் பெயர் வேண்டும்.

"அன்னபூரணின்னு வைக்கலாம்னு இருக்கேன்பா," என்றார். வணிகச் சின்னப் பதிவகத்தின் தேடல் பக்கத்தை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். சொல்லாகவும் தேடலாம், ஒலியாகவும் தேடலாம். மாவு, மசாலா, காபி, இனிப்பு எல்லாம் 30ஆம் வகுப்பு. மொத்தம் 45 வகுப்புகள். ஒரு பெயர் ஒரு வகுப்பில் ஒருவருக்கும் இன்னொரு வகுப்பில் இன்னொருவருக்கும் இருக்கலாம். அவர் கேட்ட பெயரையும் அதன் அக்கா தங்கச்சிகளையும் அந்த வகுப்பில் தேடினால் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"சாமி பேருதானே, எல்லாருக்கும் பொதுதானே?"

நல்ல கேள்வி. அம்பாள் வழக்கில் சாமி பெயருக்கு உரிமை கொண்டாடியது யாருக்கும் உறுத்தவில்லை. 2015 அக்டோபரில் வேறொரு வழக்கில், ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற சொல்லை மட்டும் ஒருவர் தனியுரிமையாகக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. புனித நூலின் பெயரை ஒரு பொருளுக்குத் தனிச் சொத்தாக்க முடியாது, கூடவே தனித்துவமான வேறு சொல் சேர்ந்திருந்தால் பார்க்கலாம் என்பது அதன் சாரம். ஆக, சாமி பெயர் வைக்கத் தடையில்லை. ஆனால் பலர் வைத்திருப்பார்கள். வைத்த பிறகும் மற்றவரைத் தடுப்பது கஷ்டம்.

அடுத்து அவர் சொன்னது 'சுவையான வீட்டுப்பொடி'. இது எல்லோரும் செய்யும் வேலை. சரக்கு என்ன என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை. சட்டத்தின் 9ஆம் பிரிவு இதைத்தான் முதலில் நிறுத்தும். சரக்கின் குணத்தை, வகையை, ஊரை மட்டும் சொல்லும் சொல் எல்லா வியாபாரிகளுக்கும் தேவைப்படும் சொல். அதை ஒருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. பல வருடப் பயன்பாட்டால் அந்தச் சொல் அவரையே குறிக்க ஆரம்பித்துவிட்டது என்று நிரூபித்தால் ஒழிய. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் என்று எந்த மொழியிலும் பொருளில்லாத சொல்லைச் செய்தது இதனால்தான் புத்திசாலித்தனம். பொருளில்லாத சொல்லுக்கு முன்கூட்டியே சொந்தக்காரர் கிடையாது.

அக்காவின் வாடிக்கையாளர்கள் போனில் அவர் நம்பரை என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தோம். பாதிக்கு மேல் ஒரே பதில்: 'ஏரிக்கரை பொடி'. இருட்டுக்கடைபோல, அவர் வைக்காத பெயர். பொடியின் ருசியையோ சேர்மானத்தையோ அது சொல்லவில்லை. இடத்தின் வாடை இருப்பதால் பரிசோதகர் ஒரு கேள்வி கேட்கலாம். ஆனால் ஏரிக்கரையில் மிளகாய் விளைவதாக யாரும் நினைக்கப்போவதில்லை.

"ஏம்பா, ஒரு பேருக்கு நாலாயிரத்து ஐநூறா? அதுல எவ்ளோ மொளகா வாங்கலாம் தெரியுமா?"

தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழி விண்ணப்பித்தால் 2017 விதிகளின்படி ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. விண்ணப்பத்தைப் பரிசோதகர் பார்ப்பார். ஆட்சேபம் இருந்தால் பதில் சொல்ல வேண்டும். பிறகு இதழில் வெளியாகும். நாலு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். செட்டியார் மாட்டியது அந்தக் கட்டத்தில்தான். எதிர்ப்பில்லையென்றால் சான்று வரும், 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்பிக்காமலே பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவானவர்களுக்கு மட்டும். உணவுப் பாதுகாப்பு எண், ஜிஎஸ்டி எண், உத்யம் பதிவு, கம்பெனிப் பெயர்ப் பதிவு, இவை எதுவும் பெயருக்கான உரிமையைத் தராது. நிறையப் பேர் தரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

*

முதலில் பயன்படுத்தியவர்தான் பெரியவர் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கும்போது இந்தச் செலவு எதற்கு?

ஏனென்றால் 'முதலில்' என்பதை நிரூபிக்க வேண்டும். இருட்டுக்கடைக்கு ஒரு ஊரே சாட்சி. தலைமுறைகளின் ஞாபகம் சாட்சி. ஆறு வருடமாக வாட்ஸ்அப்பில் பொடி விற்றவருக்கு என்ன சாட்சி? போன் மாற்றும்போது அழிந்துபோன உரையாடல்கள். பில் போடாமல் கைமாறிய பாக்கெட்டுகள். பெரிய கம்பெனியிடம் வருடவாரியாக விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, தணிக்கை அறிக்கை எல்லாம் இருக்கும். பதிவு செய்யாவிட்டாலும் அவர்களால் நீதிமன்றத்தில் நிற்க முடியும். பதிவு யாருக்குக் குறைவாகத் தேவையோ அவர்கள்தான் முதலில் செய்கிறார்கள். அதிகமாகத் தேவைப்படுகிறவர்கள் மிளகாய் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தள்ளிப்போடுகிறார்கள். எங்கள் தொழிலில் யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்று தேதியோடு பதிவாகிவிடும், அதை வைத்துச் சண்டையைத் தீர்க்கலாம். சிறு வியாபாரிக்கு அந்தத் தேதி முத்திரையை வெளியாள் ஒருவர் குத்தித் தருகிறார் என்பதுதான் பதிவகத்தின் உண்மையான பயன்.

அதே நேரம் பதிவை ஒரு கேடயமாகக் கற்பனை செய்துகொள்வதும் தப்பு. சான்று மலிவு, வழக்கு மலிவில்லை. அம்பாளும் ஆண்டாளும் நாலு படி ஏறினார்கள். சின்னவரிடமிருந்து பெரியவர் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் அதே சட்டத்தை வைத்து, பெரியவர் அனுப்பும் ஒரு வக்கீல் நோட்டீஸ் சின்னவரைக் கடையை மூட வைத்துவிடவும் முடியும். ஆகவே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது 'இதை வைத்து யாரை ஜெயிக்கலாம்' என்று யோசிப்பதைவிட, 'இதை வைத்தால் யாரோடும் மோத வேண்டி வராதா' என்று யோசிப்பது லாபம்.

ஊருக்கே பொதுவான பெயர்களுக்கு வேறு பதிவேடு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இலும் கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்றன. அங்கே பெயர் எந்தக் கடைக்கும் சொந்தமில்லை, அந்த ஊரில் முறைப்படி செய்யும் எல்லோருக்கும் சொந்தம். முழு இந்தியாவுக்குமான அந்தப் பதிவகமும் சென்னை வணிகச் சின்ன அலுவலகமும் ஒரே வளாகத்தில், கிண்டியில் இருக்கின்றன. ஒருவருடைய பெயரும் ஊருடைய பெயரும் ஒரே கட்டடத்தில் வேறு வேறு பதிவேடுகளில் ஏறுகின்றன.

அக்கா 'ஏரிக்கரை' என்ற சொல்லுக்கு 30ஆம் வகுப்பில் விண்ணப்பித்தார். எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் கேட்கும். அதற்கு ஆதாரம் வேண்டும். வீடு முழுக்கத் தேடி, ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கூகுள் பேயில் 180 ரூபாய் அனுப்பி, குறிப்பில் 'ஏரிக்கரை பொடி 2 பாக்கெட்' என்று எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தோம். அதைப் பிரிண்ட் எடுத்து இணைத்தார். இன்னும் இதழில் வரவில்லை. வந்தால் நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது மாவு அரைக்கலாம், டி-ஷர்ட் அச்சடிக்கலாம், கேக் செய்யலாம். பெயர் வைக்கும் முன் பத்து நிமிடம் தேடிப் பாருங்கள். வைத்த பிறகு முதல் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.